மாடுகளோடு வரும் மருமகள்

அண்ணா,

ஈட்டியைத் தீட்டிக்கொண்டிருப்பாய். அதைக் கீழே வைத்துவிட்டு, மடத்துத் துறவியைக் கூப்பிட்டு இதைப் படிக்கச் சொல்.

பட்டமேறிய ராஜா முதல் வேலையாகப் பக்கத்து நாட்டு மாடுகளை ஓட்டி வராவிட்டால் யார் மதிப்பார்கள்? நீயும் அப்படித்தான் செய்தாய். ஆனாலும் உன் மாடுகளை ஓட்டி வந்ததற்கு என் வீட்டுக்காரரிடம் சண்டை போட்டேன்.

"எங்க அண்ணன் மாடுதானா கெடைச்சுது?"

"அதுங்கதான் பான் ஆத்துல பயப்படாம நீந்துமாம்."

யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. நீயும் கேட்காதே.

முப்பது மாடும் சுகம். சும்மா திருப்பிக் கொடுத்தால் புலவர்கள் இவரைக் கேலி பாடியே ஓட்டிவிடுவார்கள். நீ படையோடு வந்தால் நான் யாருக்காக அழுவது?

அதனால் ஒன்று செய்திருக்கிறேன். என் மகள் லாஸருக்கு ஏழு வயதாகிறது. நம் வழக்கப்படி வேறு வீட்டில் வளர அனுப்ப வேண்டும். தாய்மாமன் வீட்டைவிட நல்ல வீடு ஏது? வளர்ப்புக்கூலியை மாடாகத்தானே கொடுக்கிறோம். ராஜா மகளுக்கு முப்பது கொடுத்தால் ஊர் மெச்சும்.

இவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "அப்ப நான் எதுக்குடி ராப்பகலா ஓட்டிட்டு வந்தேன்?"

"ராஜா ஆகத்தான். ஆயிட்டீங்கல்ல?"

ஞாயிறு பூசை முடிந்ததும் ஆற்றங்கரைக்கு வா. லாஸர் முன்னால் வருவாள், மாடுகள் பின்னால். அவளுக்குக் கஞ்சியில் வெண்ணெய் நிறைய வேண்டும், இருட்டென்றால் பயம்.

ஒற்றைக்கொம்பு வெள்ளைச்சியை மட்டும் தரமாட்டேன். இத்தனை வருஷம் கழித்தும் என் குரல் கேட்டதும் ஓடி வந்தாள். லாஸர் போகிற வீட்டிலிருந்து ஒருத்தியாவது என்னோடு இருக்கட்டும்.

உன் தங்கை