மூன்றாவது சரணம்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். வின்னிபெக் குளிரில் தொப்பியில்லாமல் ஜெப ஆலயத்துக்குக் கிளம்பாதீர்கள். பிலடெல்பியாவில் நான் நன்றாகவே இருக்கிறேன்.

வியாழக்கிழமை எங்கள் யூத வரலாற்று அருங்காட்சியகத்தில் இத்திஷ் மொழிப் பாட்டுக் கச்சேரி. ஏற்பாடு என்னுடையது. அரங்கு நிறைந்துவிட்டது; பாடகியோ பனியால் விமான நிலையத்திலேயே மாட்டிக்கொண்டாள். கூட்டம் எழுந்து குளிர்கோட்டு மாட்டத் தொடங்கியதும் நான் மேடையேறி, "வீட்டுல அம்மா பாடின பாட்டு யாருக்காவது ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

மருந்துக்கடை ஃபிஷல் எழுந்தார். "என் குரல் தவளை மாதிரி இருக்கும், பரவாயில்லையா?"

"இத்தனை வருஷமா நான் கேக்கலையா? பாடுங்க!" என்றாள் அவர் மனைவி.

அவர் பாடியது, நீங்கள் என்னைத் தூங்கவைத்த அதே பூனைக்குட்டிப் பாட்டு! முதல் சரணத்தோடு அவருக்கு மறந்துபோனது. இரண்டாவதை நான் எடுத்துப் பாடினேன், மைக்கில், அத்தனை பேர் முன்னால். குரல் நடுங்கவே இல்லை. பிறகு ஒருவர் பின் ஒருவராக மேடைக்கு வந்து பாடினார்கள். இனி மாதந்தோறும் இதை நடத்தும்படி இயக்குநர் சொல்லிவிட்டார்.

பூனைக்குட்டிப் பாட்டின் மூன்றாவது சரணம்தான் யாருக்கும் தெரியவில்லை. போனில் பாடிப் பதிவுசெய்து அனுப்புங்கள். மற்ற இரண்டும் எனக்குத் தெரியும்தான். ஆனாலும் முதலிலிருந்தே பாடுங்கள், அப்பா.

அருங்காட்சியகம் பார்க்கப் பள்ளிப் பிள்ளைகள் பேருந்தில் வந்து இறங்கிவிட்டார்கள், ஓடுகிறேன்.

உங்கள் திர்ட்சா