ஆனியா, ஆடியா

25.6.71

அன்பு மகன் ரெத்தினத்துக்கு அய்யா எழுதுவது.

எழுத்து வரப்பில் நண்டு ஊர்ந்தது போலக் கிடக்கும், பொறுத்துக்கொள். ஆனால் என் கையாலேயே எழுதியது! விவசாயக் கூலிக்காரர் சங்கக் கொட்டகையில் கற்றுக்கொண்டேன். திருச்சி ஜெயில் விலாசமும் நானே எழுதினேன்.

உன் பெண்டாட்டி அம்சம் சுகம். நாகப்பட்டினம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் சாவித்திரியம்மா, "கடைசியா எப்ப தலைக்குக் குளிச்சே?" என்று அவளிடம் கேட்டார்.

"சம்பா நடவு முடிஞ்ச அன்னிக்கு."

"அது எந்த மாசம்?"

நான் முந்திக்கொண்டு, "புரட்டாசிதாங்க" என்றேன். அப்படியானால் ஆனிக் கடைசியில் வலி வருமாம். அதற்குத் தோதாகப் பரோல் கேள். முதல் பிள்ளை பிறந்து தங்காமல் போனபோது நீ ஊர்வலத்தில் இருந்தாய். இந்தத் தடவை அம்சம் பயந்துபோய் இருக்கிறாள்.

அய்யா
சாமிதுரை

3.7.71

அன்புள்ள அய்யாவுக்கு,

கடிதத்தை இங்கே எல்லோரிடமும் காட்டினேன். அறுப்புத் தகராறு கேஸில் வந்த எனக்கு ஒரே ஒரு தடவைதான் பரோல். ஆனிக் கடைசிக்குக் கேட்டிருக்கிறேன். நாள் சரிதானே?

ரெத்தினம்

22.7.71

அன்பு மகனுக்கு,

பரோல் முடிந்து நீ திரும்பிப் போன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ இருந்தவரை ஒரு வலியும் இல்லை. இன்னும் இல்லை. அவள் முனகினால் ஓடுகிறேன். "கொசுதான் மாமா" என்கிறாள்.

இன்று கொட்டகையில் நடவுக் கூலி பேசினார்கள். "போன வருசம் மாதிரி ஐப்பசி வரைக்கும் இழுக்கக் கூடாது" என்றார் ஒருவர். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. போன வருஷம் கூலித் தகராறில் நம் ஊர் நடவு ஒரு மாதம் தள்ளிப்போனதே! நாற்றங்காலை மறித்து நின்றவனே நீதான். நீயும் மறந்தாய், நானும் மறந்தேன். பிள்ளை ஆடிக் கடைசியில்தான் வரும். உன் பரோலை நான்தான் பாழாக்கினேன். என்னைத் திட்டியாவது எழுது.

அய்யா

17.8.71

அன்பு மகனுக்கு,

நீ பதில் போடவில்லை. கோபம்தானே? இருக்கட்டும். பெண் பிள்ளை. நேற்றுப் பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். தெருவே கேட்கும்படி அழுகிறாள்.

நாள் தப்பாகச் சொன்னதற்கு அம்சத்திடம் வருத்தப்பட்டேன். சிரிக்கிறாள். "நீங்க புரட்டாசின்னு சொன்னப்பவே தெரியும் மாமா. நான்தான் வாயத் தொறக்கல" என்றாள்.

"ஏம்மா?"

"வலி வந்தப்புறம் வந்து அவரு என்ன செய்வாரு? வெளிய நிக்க வேண்டியதுதான். முன்னாடியே வந்ததாலதானே பக்கத்துல உக்காந்து பேசிட்டுப் போனாரு. எனக்குப் பயம் அன்னிக்கே போயிருச்சு."

நாம் இருவரும் முட்டாள்கள். கோபத்தை விடு.

பிள்ளை அழும்போது உன் பழைய கடிதத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கிறேன். இரண்டு வரி முடிவதற்குள் தூங்கிவிடுகிறாள். பெயர் நீதான் வைக்க வேண்டும். எனக்கு எழுத வருகிற பெயராகப் பார்த்து வை. நீ சொன்னால் பழகிக்கொண்டு, அடுத்த வாரக் கடிதத்தில் முதல் வரியாக அதை எழுதுகிறேன்.

அய்யா
சாமிதுரை