கிட்டார் தூங்கும் அறை

செவ்வாய். காலையிலிருந்து மழை. ஹால் சுவரில் ஈரம். கைக்குழந்தை நிலாவுக்கு நெஞ்சில் கர் கர். கிளினிக் டாக்டர்: காய்ந்த அறையில் படுக்க வையுங்கள். அப்படி அறை வீட்டில் ஒன்றுதான். ஏர்கோன், ஈரம் உறிஞ்சும் மெஷின், நடுவில் தொங்குவது கணவர் பாலா செய்த கிட்டார். முந்நூறு வருஷத்துக்கு முந்தைய இத்தாலியக் கிட்டாரின் அச்சு அசலான நகல். ஐந்து ஜோடி நரம்பு, எல்லாம் ஆட்டுக் குடல்.

அவரிடம் கேட்டேன். "ஞாயித்துக்கிழமை வாங்குற ஆளு வந்து எடுத்துக்குவாரு லா. அதுவரைக்கும் உள்ள ஒரு மூச்சு ஈரம்கூட ஆகாது."

பிள்ளையின் மூச்சைச் சொல்கிறார்.

புதன். கடையில் டயப்பர், இருமல் மருந்து, வெங்காயம். பாலா பசை காய்ச்சினார். மாட்டுத்தோல் பசை, பழைய முறையாம். மாமியார் என்னிடம்: "இந்த நாத்தத்துல எப்படிம்மா சாமி விளக்கு ஏத்துறது?" மகனிடம் கேட்க வேண்டியதுதானே. அப்புறம் நிலா இருமியதும், "நீ ஐஸ் தண்ணி குடிச்ச. பால்ல எறங்கிருச்சு."

காதலிக்கும்போது பாலா சொன்னது: "சூடா ஆவி பட்டா இந்தப் பசை விட்டுக் கொடுத்துரும்." அன்று கவிதை போல் கேட்டது.

வியாழன். ராத்திரி முழுக்க அழுகை. பாலா வேலைக்குப் போனதும் அந்த அறைக்குள் போனேன். கொதிக்கிற வெந்நீர், தைலம். நிலாவை மடியில் வைத்து ஆவி பிடித்தேன். சட்டி, தொங்கும் கிட்டாருக்கு நேர் கீழே. தெரிந்தேதான் வைத்தேன்.

ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. பிறகு 'டக்'. நரம்புகளைக் கட்டியிருந்த கட்டை பலகையை விட்டுக் கழன்று தொங்கியது. நிலா கை தட்டினாள். நானும் சிரித்தேன். மதியம் வரை அங்கேயே தூங்கினாள், வாய் மூடி, மூக்கால் மூச்சு விட்டு.

வெள்ளி. பாலா நேற்று மாலையே பார்த்துவிட்டார். கத்துவார் என்று காத்திருந்தேன். கட்டையைத் திருப்பிப் பார்த்தார், முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியா? கடைப் பசைன்னா பலகையையே பிச்சிருக்கும். இது சுத்தமா கழண்டிருக்கு. அந்தக் காலத்து ஆளுங்க மடையனுங்க இல்ல லா!"

பசையைச் சூடாக்கினார், ஒட்டினார், இறுக்கிக் கட்டினார். என்னைத் திட்டவே இல்லை. மாமியாரிடம், "விடும்மா, படிச்ச பிள்ளை. தெரியாம செஞ்சிருச்சு."

இன்று கதவில் பூட்டு.

ஞாயிறு. மழை. ஆள் வந்தார், வாசித்தார், கண் கலங்கினார். இதே போல இன்னொன்று வேண்டுமாம். பாலா புதுப் பலகைகளை உள்ளே அடுக்கிப் பூட்டிவிட்டு வந்து, "பிள்ளைக்கு ஆவி ஹால்லயே புடி, சரியா?" என்றார்.

பிடித்தேன்.