கல் வைத்த தழை

செவ்வாய், மாலை 5.10
அறையில் இருந்தவர்கள்: மேலாளர் நிவேதன், எதிர்மேசை எஸ்தர், முத்துப்பேச்சியாகிய நான். இதைக் கண்டெடுப்பவர் மூன்று பெயரையும் மறக்கக் கூடாது.
நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரை. ஆனால் பார்த்த விபத்துப் படம் ஒன்றையும் மறந்ததில்லை. அதற்குத்தான் இந்த வேலை. ஓட்டுநரில்லாப் பேருந்துகள் முன்னால் நிற்கும் வண்டியில் மோதாமலிருக்க, எதற்கு பிரேக் போட வேண்டும் என்று குறிக்கிறோம்.
சாலையில் கிடந்த தழைக்குப் பேருந்து சட்டென நின்று, பின்னால் வந்தவை மோதியது பதினொரு தடவை. இனித் தழைக்கு நிற்காதே என்று புதுக் கட்டளை. மூவரும் ரேகை வைத்தால்தான் செல்லும். எனக்கு ஐந்தரை பஸ்ஸுக்கு நேரமாயிற்று. வைத்தோம்.

புதன், காலை 11.40
அந்தப் பதினொன்றில் ஏழாவது படத்தில் தழைமேல் கல். காற்றில் விழுந்த தழைமேல் கல் ஏறாது. பழுதாகி நின்ற லாரிக்காரன், பின்னால் வருகிறவனுக்குப் போட்ட அடையாளம் அது. வளைவுக்கு அப்பால் லாரி.
இன்று தலைமை அலுவலகத்துக்குப் போயிருக்கும் நிவேதனுக்குச் சொல்லி அனுப்பினேன். அவன் பதில்: “ஆத்தா, பதினொண்ணுல ஒண்ணு! அதுக்காக மரம் கொட்டுற இடமெல்லாம் பஸ் நிக்கணுமா? வெத்தலைய மென்னுக்கிட்டு அடுத்த படத்தப் பாருங்க.”
நான் வெற்றிலை போடுவதில்லை. இதையும் மறக்கமாட்டேன்.

வியாழன், காலை 8.05
கட்டளை எல்லாப் பேருந்துக்கும் போய்விட்டது. திரும்பப் பெறவும் மூன்று ரேகை வேண்டும். நானும் எஸ்தரும் வைத்தோம். நிவேதன் போனை எடுக்கவில்லை.

வியாழன், 10.20
நின்றிருந்த கரும்பு லாரியில் 44ஆம் பேருந்து மோதியது. படம் வந்தது. தழை இருந்தது. கல்லும்.
நிவேதன் ரேகை வைக்கவில்லை, பதில் மட்டும் அனுப்பினான்: “மழை ஈரத்துல சறுக்கிருச்சு ஆத்தா. சும்மா பீதியக் கெளப்பாதீங்க.”

வியாழன், 1.32
என் மகள் செண்பகம் 61இல் வந்துகொண்டிருக்கிறாள். போன் போட்டு, பஸ்ஸை அவசரமாக நிறுத்தும் சிவப்புக் கைப்பிடியை இழு என்றேன்.
“இழுத்துட்டேம்மா. ‘தடையில்லை, பயணம் தொடரும்’ங்குது. அம்மா... ரோட்டுல தழை கெடக்கு. மேல கல்லு. நீ சொல்வியே, அதேதான். இது நிக்க மாட்டேங்குதும்மா”

1.34
அழைப்பு அறுந்துவிட்டது.
61 அனுப்பிய கடைசி வரி: தழை. தடையில்லை.

1.50
எஸ்தர் டவுனில் வளர்ந்தவள். அந்தக் கல்லின் அர்த்தம் அவளுக்குத் தெரியாது. நிவேதனுக்குத் தெரிந்துகொள்ள மனமில்லை; அவனைக்கூட என்றைக்காவது மன்னிப்பேனோ என்னவோ.
செவ்வாய்க்கிழமையே கல்லைப் பார்த்தவள் ஒருத்தி இருந்தாள். ஐந்தரை பஸ் போய்விடுமென்று வாயை மூடிக்கொண்டு ரேகை வைத்தாள். அவளை மன்னிக்கமாட்டேன்.
முத்துப்பேச்சி.