பல் டாக்டர் தரைக்குள் என் போன்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம், தரை மெழுகும் மெஷினும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருந்தால் எங்களுக்கு அதுவே போதும். போனை எடுக்காமல் அப்பா எதற்குக் கடிதம் போடுகிறார் என்று நினைப்பாய். எடுக்க ஆசைதான், ஆனால் என் போன் பல் டாக்டரின் புதுக் கட்டடத் தரைக்குள் இருக்கிறது. அம்மா தன் போனைத் தர மாட்டாளாம், தந்தால் அதையும் எங்கேயாவது பூசி மெழுகிவிடுவேனாம். அவள் உன்னிடம் பாதியைச் சொல்லி அழ, நீயும் மெஷினை விற்றுவிட்டு அப்பாவை வீட்டில் உட்காரச் சொல் என்றாயாம். மீதியையும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லம்மா.

வேலைக்கு முன்னால் மெஷினைப் பார்க்காமல் இல்லை. காய்ந்த சிமெண்டைச் சுரண்டினேன், கிரீஸ் அடித்தேன், கான்கிரீட்டைத் தேய்க்கிற நாலு தகடும் ஒரே அளவு தேய்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன், ஒன்று மட்டும் தேய்ந்தால் மெஷின் நொண்டும். கைப்பிடி லீவரை மட்டும் பார்க்கவில்லை. அழுத்திப் பிடித்தால் மெஷின் சுற்றும், விட்டால் நிற்கும், அதற்குத்தான் அந்த லீவர். அதன் ஸ்பிரிங் முரடு, என் மணிக்கட்டு வலி, ஆகவே உன் அம்மாவின் பழைய பாவாடை நாடாவால் அதை இறுக்கிக் கட்டி வைத்திருந்தேன். என்ன மூளை பார். டாக்டர் கட்டடத்தில் மெஷின் ஓடிக்கொண்டிருந்த நேரம் பார்த்து நீ கூப்பிட்டாய். உன் மேல் தப்பில்லை, மகள் என்றதும் இரண்டு கையையும் விட்டது அப்பன் புத்தி. மெஷின் நிற்கவில்லை. கைப்பிடி சுழன்று வந்து என் பின்பக்கத்தில் ஒன்று வைத்தது, கையில் எடுத்த போன் பறந்து போய்த் தூண் ஓரத்தில் அப்போதுதான் போட்ட ஈரக் கான்கிரீட்டில் விழுந்து முங்கியது, மெஷின் நேராக அதன் மேலே போய் மெழுகிவிட்டது. இத்தனை வருஷத்தில் என் கையால் அப்படி ஒரு பளபளப்பு வந்ததில்லை. கிட்டே போனால் கால் உடையும், பெட்ரோலையும் கடமை உணர்ச்சியோடு நிரப்பி வைத்திருந்தேன். அதனால் டாக்டர், மேஸ்திரி, பக்கத்துப் பழைய அறைக்குப் பல் பிடுங்க வந்த ஒரு பெரியவர், நான் எல்லோரும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பெட்ரோல் தீரும்வரை வேடிக்கை பார்த்தோம். நான் மட்டும் நின்றேன், உட்கார முடியவில்லை. உங்களை விட அது நல்லா வேலை பாக்குதே அண்ணே என்று மேஸ்திரி சொன்னான். டாக்டர் கன்னத்தில் கை வைத்திருந்தார், அவருக்குப் பல்வலி கிடையாது. தரைக்குள் நீ கூப்பிட்டுக்கொண்டே இருந்தாய். போனை எடுக்க உடைக்கலாமா என்று கேட்டேன், இவ்வளவு அழகான தரையை உடைக்க மனசு வரலை, அது அங்கேயே இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இப்போது உன் அம்மாதான் இன்ஸ்பெக்டர். நாடாவைக் கத்தரித்து அடுப்பில் போட்டாள். மெக்கானிக் லீவரையும் ஸ்பிரிங்கையும் புதிதாக மாற்றினான். காலையில் நான் மெஷினை ஓட்டிக் காட்ட வேண்டும், அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு விடுங்க என்பாள், நான் விட்டு அது நின்றால்தான் சாப்பாட்டு டப்பா என் கைக்கு வரும். நேற்று நின்றதும், நான் சொல்லி நிக்காத மனுஷனோடதான் குடும்பம் நடத்துறேன், இதாவது விட்டா நிக்கட்டும் என்றாள். சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தக் கைப்பிடி ஒரு முழம் மேலே பட்டிருந்தால் என்று அவள் கேட்கவில்லை, எனக்குத்தான் கேட்டது. ஆகவே விற்கச் சொல்லாதே. வீட்டில் உட்கார்ந்தால் நாள் முழுக்க உன் அம்மாவைச் சுற்றிச் சுற்றி வருவேன், என்னை நிறுத்த லீவரும் கிடையாது.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். மறக்காமல் ஒன்று, என் பழைய நம்பருக்குக் கூப்பிடாதே. மறுநாள் பழைய அறையில் டாக்டர் ஊசியை எடுத்தபோது பக்கத்துத் தரை மணியடித்ததாம், அந்தப் பெரியவர் வாயை மூடாமலே வீடு போய்ச் சேர்ந்தாராம்.

இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கும்,
உன் அப்பா