ஐந்து குழாயில் ஒரு குமிழி

ஸ்ரீரங்கம்,
வெகுதான்ய வருஷம் கார்த்திகை 27
12-12-1938

அன்புள்ள வேதாந்தத்துக்கு, சேஷு அநேக நமஸ்காரம்.

அகத்தில் எல்லோரும் சௌக்கியம். எனக்குத்தான் மனசு சரியில்லை. கல்கத்தாவில் நல்ல மோர் கிடைக்காத துக்கத்தை உன் போன கடிதத்தில் ஒன்றரைப் பக்கம் படித்தோம். "மோருக்கே இப்படி அழறவர், கல்யாணம் பண்ணிண்டு எப்படிக் குப்பை கொட்டப் போறார்?" என்று என் தர்மபத்தினி வத்ஸலா கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

இனி விஷயம். அரியமங்கலத்துக்கு அப்பால் ஒரு சேரி. அங்கே இருப்பது ஒரே ஒரு கிணறு. அதை நான் மூடிவிட்டேன். திறப்பதா, மூடியே வைப்பதா என்று வருகிற திங்கட்கிழமை எங்கள் ஆபீஸில் முடிவாகப் போகிறது. அதற்குள் உன்னிடமிருந்து ஒரு பதில் வந்தாக வேண்டும்.

என் உத்தியோகம் உனக்குத் தெரிந்ததுதான். கிணற்று நீரை எடுத்து வந்து, ஐந்து கண்ணாடிக் குழாய்களில் சர்க்கரையும் பித்த உப்பும் போட்ட ஒரு கஷாயத்தோடு கலந்து, உடம்புச் சூட்டில் இரண்டு நாள் வைப்போம். மலக்கிருமி இருந்தால் குமிழி கட்டும். முன்பெல்லாம் இரண்டு மூன்று குழாயில் கண்டால்தான் கிணற்றை மூடுவது. இந்த வருஷம், வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் வருமுன் ஊரைச் சுற்றிப் பேதி பரவக் கூடாது என்று விதியை இறுக்கினோம். ஒன்றில் குமிழி கண்டாலும் சிவப்புச் சாயம் அடித்து மூட வேண்டும், மருந்து போட வேண்டும், மூன்று வாரம் கழித்துத்தான் மறு பரிசோதனை. அப்படி இறுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்த மகானுபாவன் அடியேன்தான்.

ஏன் அப்படி எழுதினேன் தெரியுமா? நம் அகங்களில் மடித் துணிமேல் விழுப்பு பட்டதோ என்று சந்தேகம் வந்தாலே போதும். பட்டதா இல்லையா என்று யார் விசாரிக்கிறார்கள்? மறுபடி நனை, மறுபடி உலர்த்து, மறுபடி தீர்த்தமாடு. காவேரி வாசலில் ஓடுகிறது, யாருக்கு என்ன நஷ்டம்? இதிலேயே வளர்ந்தவனுக்குக் கிணறும் மடித் துணியாகத்தான் தெரிந்தது. சந்தேகமா, மூடு. இதில் தப்பே வராது என்று நினைத்தேன்.

சேரிக் கிணற்று நீரில் ஐந்துக்கு ஒன்று வந்தது. மூடினேன். ஒன்பது நாள் கழித்து அந்தப் பக்கம் சைக்கிளில் போனபோது இருளாயி என்ற ஒருத்தி வழிமறித்தாள். அவள் புருஷன் மருதை பொன்மலை ரயில் பட்டறையில் கரி அள்ளுகிறவன். நாலு நாளாகப் பேதி கண்டு படுத்திருக்கிறான். அவள் சத்தம் போடவில்லை. "சாமி, எங்க கெணத்துல பூச்சி இருக்குங்களா?" என்று கேட்டாள். இருக்கலாம் என்றேன். "இல்லாமலும் இருக்கலாமுங்களா?" என்றாள். இருக்கலாம் என்றேன். "வாய்க்கால்ல இருக்கே, அதுலயாச்சும் உங்களுக்குச் சந்தேகம் உண்டுங்களா?" என்று கேட்டாள்.

ஊர்ச் சாக்கடை முழுவதும் போய்ச் சேருகிற வாய்க்கால் அது. ஒன்பது நாளாகச் சேரியின் முப்பது வீடும் அதைத்தான் குடித்திருக்கிறது. பக்கத்து ஊர்க் கிணற்றில் அவர்களைக் கயிறு போட விடமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாதா? பேஷாகத் தெரியும். பாழாய்ப் போன புத்தியில் அன்றைக்கு உறைக்கவில்லை. பாலக்கரையில் ஒரு கிணற்றை மூடினால் என்னை நாலு திட்டு திட்டிவிட்டு அடுத்த வீட்டில் சேந்திக்கொள்வார்கள். இவர்கள் எங்கே போவார்கள்? வெட்கமாக இருக்கிறது, வேதாந்தம்.

நேற்று முழுக்க நீ அனுப்பிய புள்ளிவிவர சாஸ்திரக் குறிப்போடு உட்கார்ந்தேன். நான் புரிந்துகொண்டது சரியா பார். தப்பு இரண்டு விதம். நல்ல கிணற்றைக் கெட்டது என்று மூடுவது ஒன்று. கெட்ட கிணற்றை நல்லது என்று திறந்து விடுவது இன்னொன்று. அதே ஐந்து குழாயை வைத்துக்கொண்டு ஒன்றைக் குறைத்தால் மற்றது ஏறும். காய்ச்சிய சுத்த நீரிலேயே, கைப்பிசகாலும் தூசியாலும் இருபது குழாய்க்கு ஒன்றில் எங்களுக்குக் குமிழி வருகிறது. அப்படியானால், ஒன்று கண்டால் மூடு என்ற விதியில் நூறு நல்ல கிணறுகளில் இருபத்து மூன்றை மூடித் தொலைப்பேன். இரண்டு கண்டால் மூடு என்றால் இரண்டோ மூன்றோதான். ஆனால் லேசாகக் கெட்ட கிணறுகள் பல அப்போது தப்பித்துக்கொள்ளும். அதையும் நான் மறைக்கப் போவதில்லை.

நல்லதைக் கெட்டது என்னும் தப்பு நூற்றுக்கு ஐந்தைத் தாண்டக் கூடாது என்று நீ எல்லைக்கோடு கிழித்திருக்கிறாய். அந்த ஐந்து எங்கிருந்து வந்தது? வேறு தண்ணீர் இருக்கிற தெருவில் இறுக்கமாகவும், இல்லாத தெருவில் தளர்த்தியும் கோடு போட்டால் உங்கள் சாஸ்திரத்தில் தோஷம் உண்டா? கணக்கைச் சரிபார்த்துத் தந்தி கொடு. மருதைக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று பெருமாளை வேண்டிக்கொள்.

இப்படிக்கு,
சேஷு


ஸ்ரீரங்கம்,
மார்கழி 8
23-12-1938

அன்புள்ள வேதாந்தத்துக்கு,

உன் தந்தி சனிக்கிழமை வந்தது. "கணக்கு சரி. ஐந்து வழக்கம், வேதமல்ல. எந்தத் தப்பு கொடியதோ அதைப் பார்த்துக் கோடு போடு." தந்திக்காரன் கொடுத்துவிட்டு, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று விசாரித்தான். ஒரு கிணற்றுக்கு என்றேன். ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனான்.

திங்கட்கிழமை ஆபீஸர் அருள்நாதன் முன்னால் எல்லாவற்றையும் வைத்தேன். மனிதர் நல்லவர், ஆனால் பயந்தாங்கொள்ளி. "ஓய், திறந்து வைத்த கிணற்றால் நாலு பேருக்குப் பேதி வந்தால் மேலே இருந்து என்னைக் கேட்பான். மூடி வைத்த கிணற்றுக்கு எவன் கேட்கப் போகிறான்?" என்றார். அதுதான் ஸார் வினை என்றேன். மூடியதால் வந்த பேதியை நம்முடைய எந்த ரிஜிஸ்தரிலும் எழுத இடமில்லை, மருதையை எந்தக் கட்டத்தில் எழுதட்டும் என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். கடைசியில், "உம்முடைய பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடும்" என்றார். போட்டேன். இனி, வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் இரண்டு குழாய், மற்ற இடத்தில் ஒன்று. அப்படித் திறந்து விடும் கிணற்றுக்கு வாரம் ஒரு தரம் மருந்து, இரண்டு நாளைக்கு ஒரு தரம் பரிசோதனை. ஏகாதசி வரைக்கும் எனக்கு லீவு கிடையாது. வத்ஸலா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் விஷயம் முழுக்கச் சொன்னதும் ஒரு டம்ளர் காப்பி கூடுதலாகக் கிடைத்தது.

செவ்வாய்க்கிழமை காலை நானே போய்ச் சாயத்தைச் சுரண்டிவிட்டுக் கிணற்றைத் திறந்தேன். முப்பது வீட்டுக் குடமும் வரிசை கட்டிவிட்டது. மருதை எழுந்து உட்கார்ந்துவிட்டான். கஞ்சி வேண்டாம், கருவாடு வேண்டும் என்று சண்டை போடுகிறானாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கச் சைக்கிள் செயினைப் பார்ப்பதுபோல் குனிந்தேன். "போய்ட்டு வாங்க சாமி, மறுபடி சாய டப்பாவோட வந்துடாதீங்க" என்றாள் இருளாயி. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்றைக்கு எடுத்து வந்த நீரில், நேற்று, ஐந்தில் ஒரு குழாயில் குமிழி.

நான் மூடவில்லை. பழைய ஒன்றையும் இதையும் சேர்த்தால் பத்தில் இரண்டாயிற்றே என்று நீ கூட்டிப் பார்ப்பாய். நானும் கூட்டிப் பார்த்தேன். நல்ல கிணறு நூற்றில் எட்டு ஒன்பதுக்கு அப்படியும் வரும். மற்றபடி, அது நல்ல கிணறுதானா என்பதைக் கணக்கு எனக்குச் சொல்லாது. நேற்றே மறுபடி மருந்து போடச் சொல்லிவிட்டு, அதற்கு முன் எடுத்த நீரை இருபது குழாயில் வைத்திருக்கிறேன். குழாய் கூடினால் இரண்டு தப்பும் சேர்ந்து குறையும் என்று நீதானே எழுதினாய். நாளைக்குத் தெரியும். இது உன் கையில் கிடைக்கும்போது எனக்குத் தெரிந்திருக்கும், உனக்குத் தெரியாது. அடுத்த தந்தி என் செலவு.

நல்லதாகவே வரும் என்று தோன்றுகிறது. மருதை எழுந்துவிட்ட நாளிலிருந்து எனக்கு எல்லாம் நல்லதாகவே தோன்றுகிறது. ஆனாலும் இன்று சாயங்காலம் முப்பது வீட்டில் என் கையெழுத்தை நம்பித் தண்ணீர் குடிப்பார்கள். கிணறு நல்லதாக இருக்க வேண்டும் என்று பெருமாளிடம் நான் கேட்கப் போவதில்லை. அது எப்படி இருக்கிறதோ அப்படி இப்போதே இருக்கிறது. நீயும் எனக்காக ஒன்றே ஒன்று கேள், வேதாந்தம். நான் செய்த தப்பு இரண்டில் எதுவானாலும் அது என் தலையில் விழட்டும், அவர்கள் குடத்தில் விழ வேண்டாம்.

உன்,
சேஷு