ஆபீசர் வந்த அன்று காலியான கட்டில்கள்

சிஸ்டர்,

பிரஷர் மாத்திரை வாங்க இன்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டு வாசலில் டெட்டால் நெடி அடித்ததும் கால் நின்றுவிட்டது. உள்ளே மூன்று நர்ஸுகள், ஆளுக்கொரு வேலையாக. நீங்கள் உயிரோடு இருந்து பார்த்திருக்க வேண்டும். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல மகள் எழுதுகிறாள்.

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம். மண் சரிந்து பஸ்ஸெல்லாம் அடிவாரத்தோடு நின்றதே, அந்த மழைக்காலம். பன்னிரண்டு கட்டிலுக்கு நீங்கள் ஒருத்தி. கூட்டித் துடைக்கவும் ஆளைத் தூக்கவும் நான். மூன்று பேர் வேலைக்கு ஒருவர் சம்பளம் வாங்கினீர்கள். கேட்டால், "சம்பளம் கெடக்குதுங்கண்ணா, கூட ஒரு நர்ஸைப் போட்டாப் போதும்" என்பீர்கள். நாலு வருஷம் மனுப் போட்டபின், நேரில் பார்த்து முடிவு செய்யச் சேலத்திலிருந்து ஆபீசர் வருவதாகக் கடிதம் வந்தது.

அன்று காலை நீங்கள் பன்னிரண்டாம் கட்டில்காரியோடு பிரசவ அறையில். பெரிய மனுஷர் வந்தால் இடம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரிந்த மரியாதை. வார்டில் சொன்னேன்: "ஆபீசர் வர்றாருங்க. இப்படி இருமிக்கிட்டுக் கெடந்தா சிஸ்டருக்குத்தான் கெட்ட பேரு." அவ்வளவுதான். பதினோரு பேரும் போர்வையை மடித்து வைத்துவிட்டுப் பின்பக்கத்துக் காப்பித் தோட்டத்தில் போய்க் குந்திக்கொண்டார்கள். நடக்க முடியாதவர்களை நானே தூக்கிப் போனேன்.

ஆபீசர் ஜீப்பில் வந்தார். "கட்டிலெல்லாம் காலியா இருக்குது. இதுக்கு இன்னொரு நர்ஸா?" என்று பேனாவைத் திறந்தார். ஈரக் கையோடு வெளியே வந்த நீங்கள் கட்டில்களைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓடிப்போய் எல்லோரையும் கூட்டி வந்தேன்.

அவர் சிரித்தார். "தோட்டத்துல காப்பி பறிக்கிறவங்களைப் புடிச்சிக்கிட்டு வந்து காட்டுறியாய்யா?"

உங்கள் நாலு வருஷத்தை என் வாய் கெடுத்துவிட்டதே என்று அவர் முன்னால் போய் நின்றேன். "வார்டு நோட்டை எடுத்துப் பாருங்க சார். ஒண்ணாம் கட்டில், பட்டிப்பாடி சடையன், வயித்துப்போக்கு, வந்து மூணு நாளுங்க. விடியால சிஸ்டர் குளுக்கோஸ் ஏத்துனாங்க. ரெண்டாம் கட்டில்..." சொல்லிக்கொண்டே போனேன். அவர் நோட்டில் விரல் வைத்துக்கொண்டே வந்தார். ஏழாம் கட்டிலில் விரல் நின்றது.

"படிச்சு வெச்சிருக்கியா?"

"படிப்பு இல்லீங்க. பக்கத்துல நின்னு பாத்ததுங்க."

"அத்தனைக்கும் ஒரே நர்ஸா?"

"வேற யாரு இருக்காங்க சார்?"

நனைந்து வந்தவர்களுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தீர்கள். ஜீப் போன பிறகுதான், "காச்சக்காரங்களை மழையில குந்த வெச்சீங்களே, உங்களுக்குத்தான் மொத ஊசி போடோணுங்கண்ணா" என்றீர்கள். வார்டே சிரித்தது.

தை மாதம் இரண்டாவது நர்ஸ் வந்தார். அந்த வாரம்தான் நீங்கள் உங்கள் ஊருக்கு லீவில் போனீர்கள், நாலு வருஷத்தில் முதல் தடவையாக. மூன்றாவது ஆள் நீங்கள் ரிட்டையர் ஆகும்வரை வரவில்லை. ஆனாலும் உங்கள் வார்டில் வேலை பார்த்தவன் என்று ஒண்டிக்கடை முக்கில் இன்றும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறேன்.

அந்தக் கட்டில் வரிசை இன்னும் மறக்கவில்லை. மனசுக்குள் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்கிறேன், ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். இன்று உயிரோடு மிச்சம் ஒருத்திதான். ஒன்பதாம் கட்டில், டைபாய்டு, பதினாறு நாள் உங்கள் கையால் கஞ்சி குடித்தவள், கரடியூர் குப்பாயி.